உப்புநீர் வாளியிலிருந்து இதயத்தின் உள்ளறை வரை

ஈசிஜியின் வரலாறு சொல்லும் புத்தகங்களில் தவறாமல் வரும் படம் ஒன்று உண்டு. கோட்டுப் போட்ட மனிதர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு கைகளும் இரண்டு உப்புநீர் வாளிகளில் முங்கியிருக்கின்றன. பேன்ட்டைச் சுருட்டிவிட்ட இடது கால் மூன்றாவது வாளியில். குளிக்கப் போகிறவர் பாதியில் யோசனை மாறி உட்கார்ந்துவிட்டதைப் போலிருக்கும். உண்மையில் அவருடைய இதயத்தின் மின்சாரத்தை அளந்துகொண்டிருக்கிறார்கள்.

ஹாலந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய கருவி அது. வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழை ஒன்று பெரிய மின்காந்தத்தின் நடுவே தொங்கும். இதயத்தின் துளி மின்சாரம் அதில் பாய்ந்தால் இழை அசையும். அசைவின் நிழல் நகரும் ஃபோட்டோ தகட்டில் கோடாக விழும். கருவியின் எடை கால் டன்னுக்கு மேல். இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளியின் படுக்கைக்கு அதைத் தூக்கிப் போக முடியாது. எனவே ஐந்தோவன் மருத்துவமனைக்கும் தன் ஆய்வகத்துக்கும் இடையே டெலிபோன் கம்பி இழுத்தார். தூரம் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர்.

அந்தக் கம்பிதான் இந்தக் கட்டுரையின் நாயகன். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து இதயத்தைக் கேட்கத் தொடங்கிய கம்பி, அரை நூற்றாண்டுக்குள் இதயத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. அது அவ்வளவு தூரம் போயும் பிடிபடாமல் வெகுகாலம் போக்குக் காட்டிய ஒன்றின் பெயர் ஏட்ரியல் ஃப்ளட்டர்.

இதயத்தின் மேலறைகள் நிமிடத்துக்கு 300 முறை வரை துடிக்கும் கோளாறு அது. நல்லவேளையாக மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே ஏவி கணு என்ற வாசற்காவலர் இருக்கிறார். வருகிற அலைகளில் பெரும்பாலும் ஒன்றுவிட்டு ஒன்றைத்தான் உள்ளே அனுப்புவார். அதனால் நாடி 150-ல் நிற்கும். ஓடினாலும் 150, படுத்தாலும் 150. காவலர் மட்டும் இல்லையென்றால் கீழறையும் 300 துடித்து, ரத்தத்தை வெளியே தள்ள நேரமில்லாமல் ஆள் சாய்ந்துவிடுவார்.

விலங்குகளின் மேலறையில் மின்சாரம் பாய்ச்சி இந்தப் படபடப்பை 1887-லேயே பார்த்து எழுதியவர் ஸ்காட்லாந்தின் ஜான் மெக்வில்லியம். மனிதரிடம் இருப்பதை ஈசிஜி மூலம் தெளிவாக விவரித்தவர்கள் எடின்பரோவின் ஜாலியும் ரிட்சியும், ஆண்டு 1911. அவர்கள் கண்ட கோடு இன்றும் மாறவில்லை. இன்றைய ஈசிஜி தாளில் லீட் 2, 3, ஏவிஎஃப் என்று குறிக்கும் மூன்று பதிவுகளிலும் அடிக்கோடு தட்டையாக இருக்காது. ரம்பப் பல்லைப் போல் இடைவிடாமல் ஏறி இறங்கும்.

ரம்பப் பல் கிடைத்தது. அதை அறுப்பது யார் என்று தெரியவில்லை. மேலறையில் ஏதோ ஓர் இடம் வெறிபிடித்தாற்போல் விட்டு விட்டு மின்பொறி கக்குகிறதா? அல்லது ஒரே ஓர் அலை செக்குமாடு போலச் சுற்றிச் சுற்றி வருகிறதா? தோலின் மேல் வைத்த கம்பிக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

செக்குமாடு என்று முதலில் காட்டிக்கொடுத்தது இதயமே இல்லாத ஓர் உயிர். அமெரிக்க உயிரியலாளர் ஆல்ஃப்ரெட் மேயர் ஃப்ளோரிடா கடலோரத் தீவுகளில் ஜெல்லிமீன்களின் உடலை வளையமாக வெட்டி, அதில் ஓர் அலையைக் கிளப்பிவிட்டார். அது வளையத்துக்குள் மாட்டிக்கொண்டு, வெளியிலிருந்து எந்தத் தூண்டலும் இல்லாமல், நாள்கணக்கில் சுற்றியது. கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் ரால்ஃப் மைன்ஸ் இதையே மீன், ஆமை ஆகியவற்றின் இதயத் தசை வளையங்களில் செய்து காட்டினார். அலை சுற்றி வருவதற்குள் முதலில் துடித்த தசை இளைப்பாறித் தயாராகிவிட வேண்டும். அப்படியானால் அலை சாகாது. இதுதான் அவர் கண்ட கணக்கு. கூடவே ஒரு சோதனையையும் எழுதிவைத்தார்: சுற்று என்று சந்தேகப்பட்டால் வளையத்தை ஓரிடத்தில் வெட்டு, துடிப்பு நின்றால் அது சுற்றுதான்.

மைன்ஸ் 1914 நவம்பரில் மான்ட்ரியாலில் தன் ஆய்வகத்தில், உடலில் கருவிகள் இணைக்கப்பட்ட நிலையில் நினைவிழந்து கிடந்தார். அன்றே இறந்துபோனார். வயது 28. அவர் சொன்ன வெட்டை மனித இதயத்தில் கம்பியின் நுனியால் போட்டுப் பார்க்க இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆக வேண்டியிருந்தது.

லண்டனில் தாமஸ் லூயிஸ் 1920-ல் அடுத்த அடியை வைத்தார். நாய்களின் மார்பைத் திறந்து மேலறைத் தசையின் மேலேயே மின்முனைகளை வைத்து, அலை எந்த இடத்துக்கு எப்போது வருகிறது என்று குறித்தார். பெருஞ்சிரைகளைச் சுற்றி அலை வட்டமடிப்பதாக முடிவுக்கு வந்தார். ஆனால் நோயாளியின் மார்பைத் திறந்து மின்முனை வைக்க முடியுமா?

திறக்காமலே உள்ளே போகலாம் என்று காட்டியவர் 25 வயது ஜெர்மானியர். 1929-ல் பெர்லினுக்கு அருகே எபெர்ஸ்வால்டே ஊர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருந்த வெர்னர் ஃபோர்ஸ்மன், மேலதிகாரி கூடாதென்று தடுத்தும் கேட்காமல், சிறுநீர்ப் பாதைக்குப் பயன்படுத்தும் மெல்லிய குழாய் ஒன்றைத் தன் இடது முழங்கைச் சிரையில் செருகினார். உதவிக்கு வந்த நர்ஸ் சோதனை தன்மீது நடக்கப்போவதாகவே நம்பியிருந்தார். அவரை மேஜையோடு கட்டிப்போட்டுவிட்டு டாக்டர் தன் கையையே கீறிக்கொண்டார். குழாயை 65 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, அதைக் கையில் தொங்கவிட்டபடியே எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய்ப் படம் எடுத்துப் பார்த்தார். குழாயின் நுனி வலது மேலறையில் இருந்தது. பாராட்டு அப்போது கிடைக்கவில்லை. அவர் சிறுநீரக மருத்துவத்துக்குப் போய்விட்டார். 1956-ல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது ஒரு சிறு நகரில் தொழில் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழி திறந்துவிட்டது, அதில் கம்பி போக வேண்டியதுதான் பாக்கி. பாரிஸில் லெனேக்ரும் மோரீஸும் 1945-ல் குழாய் நுனியில் மின்முனை வைத்து மனித இதயத்தின் வலப்பக்க அறைகளுக்குள்ளிருந்து மின்பதிவு எடுத்தார்கள். 1969-ல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் பெஞ்சமின் ஷெர்லாக் குழுவினர், தொடைச் சிரை வழியே போன கதீட்டர் என்ற மெல்லிய குழாயை மூவிதழ் வால்வின் மேல் சாய்த்துவைத்து, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் ஹிஸ் கற்றையின் துடிப்பைப் பிடித்தார்கள். அதன்பிறகு இதய மின்னியல் பரிசோதனை என்பது வழக்கமான வேலையாகிவிட்டது.

உள்ளே போன கம்பிக்குக் கிடைத்த புதிய காது எப்படிப்பட்டது என்று இங்கே சொல்லிவிட வேண்டும். கதீட்டரின் நுனியில் சில மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு உலோக வளையங்கள் இருக்கும். கருவி பதிவுசெய்வது அவற்றுக்கு இடையேயான வேறுபாட்டை மட்டும். திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தெருவில் லாரி போனால் இருவருக்கும் ஒரே அளவில் கேட்கும்; வேறுபாடு பூஜ்யம். தங்கள் வாசலிலேயே சைக்கிள் மணி அடித்தால் ஒருவருக்கு ஒரு கணம் முன்னால் கேட்கும், மற்றவருக்குப் பின்னால். இரட்டை முனை கதீட்டர் லாரியைத் தள்ளிவிட்டு சைக்கிள் மணியை மட்டும் எழுதும். அதனால்தான் உள்பதிவில் வளைவு நெளிவான மலைகள் இருக்காது. ஊசி குத்தினாற்போல் ஒரு கூர்முனை, பிறகு வெறுமை, மீண்டும் ஒரு கூர்முனை. அலை இந்த இடத்தைத் தாண்டிய நொடி இதுதான் என்பதே ஒவ்வொரு கூர்முனைக்கும் பொருள்.

ஈசிஜி தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும். உள்பதிவுத் திரையில் கோடுகள் நொடிக்கு 100 அல்லது 200 மில்லிமீட்டர் வேகத்தில் விரிக்கப்படும். நொடியில் நூற்றில் ஒரு பங்கு வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க அந்த விரிப்பு வேண்டும்.

இப்போது ஒரு பரிசோதனை மேஜைக்குப் போவோம். நோயாளியின் தொடைமடிப்பு மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருக்கிறது. தொடைச் சிரை வழியே மூன்று நான்கு கதீட்டர்கள் ஏறியிருக்கின்றன. அவற்றில் முக்கியமானது 20 முனைகள் கொண்ட ஒன்று. ஒளிவட்டம் என்ற பொருளில் அதற்கு ஹாலோ என்று பெயர். வலது மேலறைக்குள் மூவிதழ் வால்வின் விளிம்பை ஒட்டி வளையமாகச் சுற்றி நிற்கும். நுனியில் இருக்கும் முனை 1. அது வெளிச்சுவரின் அடிப்பக்கம் இருக்கும். 20-ஆம் முனை உள்சுவரின் மேற்பக்கம். இன்னொரு கதீட்டர் கரோனரி சைனஸ் என்ற சிரைக்குள் 10 முனைகளோடு போயிருக்கும். அது இடது மேலறையின் அடிவிளிம்பு வழியே ஓடுவதால் அந்தப் பக்கத்துச் செய்தியையும் சொல்லும்.

மாடவீதிகளில் தேர் சுற்றும்போது ஊருக்கு வெளியே நிற்பவருக்கு வேட்டும் மேளமும் கேட்கும். தேர் எந்த வீதியில் என்று தெரியாது. ஒவ்வொரு முனையிலும் ஓர் ஆளை நிறுத்தி, தேர் தாண்டிய நேரத்தைக் குறிக்கச் சொன்னால் தெரிந்துவிடும். ஹாலோ கதீட்டர் அப்படி நிறுத்திய பத்து ஜோடி ஆட்கள்.

ஒரு சுற்று 240 மில்லி செகண்ட் என்று வைத்துக்கொள்வோம். அதாவது மேலறை நிமிடத்துக்கு 250. காவலர் பாதியை விட்டால் நாடி 125. திரையில் மேலிருந்து கீழாக ஹாலோவின் கோடுகள். முதலில் 19-20 ஜோடியில் கூர்முனை. அடுத்த கோட்டில் சற்று வலம் தள்ளி இன்னொன்று. அதற்கடுத்ததில் இன்னும் வலம் தள்ளி. இப்படியே கூரை ஓட்டில் மழைநீர் வழிவதுபோல் சாய்வாக இறங்கி, 1-2 ஜோடிக்கு வரும்போது 120 மில்லி செகண்ட் கழிந்திருக்கும். பிறகு ஹாலோ முழுவதும் மௌனம். தேர் எங்கே போயிற்று? 190-ஆம் மில்லி செகண்டில் கரோனரி சைனஸின் வாய்ப்பக்க முனைகளில் தலைகாட்டுகிறது. அங்கிருந்து உள்சுவரில் ஏறி, சரியாக 240-ல் மீண்டும் 19-20-க்கு வந்துவிடுகிறது. சுற்றிச் சுற்றி சுப்பர் கொல்லை!

இந்தக் கோடுகள் சொல்வது இது: அலை உள்சுவர் வழியே மேலேறி, கூரையைக் கடந்து, வெளிச்சுவரில் இறங்கி, அடித்தரையைக் கடந்து மறுபடி உள்சுவருக்கு வருகிறது. மருத்துவர்கள் வழக்கமாகப் பார்க்கும் இடச்சாய்வு எக்ஸ்ரே கோணத்தில் இது கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்று. ஃப்ளட்டரில் மிகப் பரவலான வகை இதுதான். சாய்வு தலைகீழாக, கீழிருந்து மேலே ஏறினால் கடிகாரச் சுற்று. பாதை அதே, திசை மட்டும் வேறு. 240 மில்லி செகண்டில் பாதிக்குக்கூட வலது மேலறையில் கணக்கு வரவில்லை, கரோனரி சைனஸின் ஆழத்து முனைகள் முந்திக்கொள்கின்றன என்றால், தேர் ஓடுவது இடது மேலறையில். இங்கே கேட்பது எதிரொலிதான் என்று சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் வரிசையை மட்டும் நம்பி முடிவுசெய்வது ஆபத்து. வேறெங்கோ சுற்றும் அலை இந்த வழியாகச் சும்மா கடந்துபோனாலும் ஏறக்குறைய இதே சாய்வு தெரியலாம். இங்குதான் கம்பியின் வாழ்க்கையில் பெரிய திருப்பம் வருகிறது. அதுவரை கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தது, பேசத் தொடங்கியது.

அமெரிக்காவின் அலபாமாவில் ஆல்பர்ட் வால்டோ குழுவினர் 1977-ல் அதைச் செய்தார்கள். இதய அறுவைச் சிகிச்சை முடிந்தவர்களின் மேலறையில் அறுவை மருத்துவர்கள் மெல்லிய கம்பிகளைத் தற்காலிகமாகத் தைத்து, மார்புத் தோல் வழியே வெளியே விட்டிருப்பார்கள். நோயாளி வீட்டுக்குப் போகும்முன் உருவி எடுத்துவிடுவார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஃப்ளட்டர் வந்தபோது, அந்தக் கம்பி வழியே ஃப்ளட்டரைவிடச் சற்று வேகமாகத் துடிப்புகளைச் செலுத்திப் பார்த்தார்கள். ஃப்ளட்டர் உடனே நிற்கவில்லை. செலுத்தும் வேகத்துக்கு இழுபட்டு ஓடியது; செலுத்துவதை நிறுத்தியதும் பழைய வேகத்துக்கே திரும்பியது. பொறி கக்கும் ஓரிடத்தைவிட, நுழைவதற்கு இடைவெளி உள்ள ஒரு சுற்றுக்கே இந்த நடத்தை பொருந்தும். என்ட்ரெய்ன்மென்ட் என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். மைன்ஸின் வளையம் மனித இதயத்தில் கையும் களவுமாகப் பிடிபட்டது.

இன்று பரிசோதனை மேஜையில் இது எளிய கூட்டல் கழித்தல். சுற்று 240 என்றால் 220 மில்லி செகண்டுக்கு ஒருமுறை ஒரு முனையிலிருந்து துடிப்பைச் செலுத்து. நிறுத்து. கடைசித் துடிப்பு புறப்பட்டதிலிருந்து அதே முனைக்கு அலை திரும்பிவர எவ்வளவு நேரம் என்று பார். உங்கள் வீடு மாடவீதியிலேயே இருந்தால், வாசலில் புறப்பட்ட ஆள் ஒரு சுற்றுச் சுற்றி வாசலுக்கே வருவார். ஒரு சுற்றின் நேரம்தான் ஆகும். வீடு சந்துக்குள் இருந்தால் வீதிக்குப் போகும் நேரமும் திரும்பிவரும் நேரமும் கூடும். அடித்தரையில் செலுத்திப் பார்த்ததில் 245 வந்தது என்றால் வீடு வீதியில் இருக்கிறது. கரோனரி சைனஸின் ஆழத்தில் செலுத்தி 330 வந்தது என்றால் அது சந்து. வித்தியாசம் 20, 30 மில்லி செகண்டுக்குள் இருந்தால் அந்த இடம் சுற்றில் சேர்ந்தது என்பது நடைமுறைக் கணக்கு.

இப்படிக் கேட்டும் பேசியும் பார்த்ததில், எல்லா வீதியும் அகலமாக இருக்க, ஓர் இடம் மட்டும் மிகக் குறுகியிருந்தது தெரிந்தது. கீழ்ப் பெருஞ்சிரையின் வாய்க்கும் மூவிதழ் வால்வின் விளிம்புக்கும் நடுவே உள்ள அடித்தரை அது. சில சென்டிமீட்டர்தான். பூகோளப் பாடத்தில் இரு கடல்களுக்கு நடுவே வரும் ஒடுங்கிய நிலத்தைப் பூசந்தி என்போமே, அந்தப் பெயரையே மருத்துவர்கள் இதற்கும் வைத்திருக்கிறார்கள். அங்கே 16-ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூறியலாளர் யூஸ்டாக்கியஸின் பெயரில் ஒரு சிறு மேடு இருக்கிறது. கருவில் குழந்தை இருக்கும்போது ரத்தத்தை இடது மேலறைக்குத் திருப்பிவிடும் வால்வின் மிச்சம். பிறந்தபின் அதற்கு வேலை இல்லை; ஆனால் ஃப்ளட்டரில் அலையைக் குறுக்கே போகவிடாமல் தடுத்து, வட்டப்பாதைக்குக் கரை கட்டிக்கொடுக்கிறது.

ஒடுங்கிய இடம் தெரிந்தால் எங்கே வெட்டுவது என்ற கேள்வியும் தீர்ந்தது. கனடாவின் லண்டன் நகரில் ஜார்ஜ் க்ளைன் குழுவினர் 1986-ல் மார்பைத் திறந்து அந்தப் பகுதியை உறையவைத்து ஃப்ளட்டரைத் தீர்த்தார்கள். 1992-ல் சான் டியாகோவில் கிரெகரி ஃபெல்டும், அதையொட்டிய ஆண்டுகளில் மட்ரீட் அருகே ஃபிரான்சிஸ்கோ கோசியோவும் மார்பைத் திறக்காமல் கதீட்டர் நுனியாலேயே அதைச் செய்துகாட்டினார்கள். நுனியில் ரேடியோ அலை மின்சாரம் பாயும். தொட்ட தசை 50 டிகிரிக்கு மேல் சூடாகிச் செத்துத் தழும்பாகும். வால்வின் விளிம்பில் தொடங்கிக் கீழ்ப் பெருஞ்சிரை வரை புள்ளி புள்ளியாக ஒரு கோடு.

கேட்ட கம்பி, பேசிய கம்பி, இப்போது சுட்டது.

கோடு போடும்போது திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் காத்திருக்கும் ஒரு கணம் உண்டு. சாய்வாக வழிந்துகொண்டிருந்த கூர்முனைகள் 1-2 ஜோடி வரை வந்து, அடுத்த சுற்றுக்குத் தலைகாட்டாமல் போகும். ஒரு நீண்ட வெறுமை. பிறகு இயல்பான துடிப்பு.

ஆரம்ப ஆண்டுகளில் அங்கேயே வேலை முடிந்தது என்று கம்பியை உருவிவிட்டார்கள். நோயாளிகளில் கணிசமானவர்கள் திரும்பி வந்தார்கள். ஃப்ளட்டர் நின்றது உண்மை. ஆனால் அந்தக் கோடு என்ற வேலியில் ஓட்டை இருந்தது. 1990-களின் நடுவில் பிரான்ஸின் ரூவானில் நடீர் சவூதி குழுவினரும் வேறு சிலரும் வேலியைச் சோதிக்க வழி சொன்னார்கள். ஃப்ளட்டர் நின்றபின் கரோனரி சைனஸின் வாயிலிருந்து துடிப்பைச் செலுத்து. ஓட்டை இருந்தால் அலை அடித்தரை வழியே குறுக்காகப் போய் 1-2 ஜோடியைச் சீக்கிரம் எட்டிவிடும். வேலி முழுமையானால் அதற்கு நீண்ட வழிதான்; உள்சுவர் ஏறி, கூரை தாண்டி, இறங்கி, 1-2-க்குக் கடைசியாக வரும். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்தும் அதையே செய்து பார். இரு திசையிலும் அடைப்பு உறுதியானால்தான் கம்பியை எடுக்கலாம். இந்த ஒழுக்கம் வந்தபின், பூசந்தி வழியே சுற்றும் ஃப்ளட்டருக்கு இந்தச் சிகிச்சை பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பலன் தருகிறது.

கம்பி இன்று இன்னும் வளர்ந்துவிட்டது. 1990-களின் பிற்பகுதியில் வந்த காந்தவழி முறை, கதீட்டரின் நுனி இருக்கும் இடத்தைக் கணினியில் குறித்து, மேலறையின் முப்பரிமாண வரைபடத்தில் அலையை வண்ணங்களாகக் காட்டுகிறது. முதலில் வரும் இடம் சிவப்பு, கடைசி இடம் ஊதா. இரண்டும் ஒட்டி நின்றால் சுற்று. பார்க்க அழகு. ஆனால் ஒவ்வொரு புள்ளியிலும் எந்தக் கூர்முனையை நேரமாகக் கணக்கெடுப்பது என்பதில் கணினி பிசகினால் வண்ணமும் பிசகும். பழகிய மருத்துவர் வரைபடத்தை ரசித்துவிட்டு, கோடுகளைப் பார்த்து, ஒருமுறை செலுத்திப் பார்த்துத்தான் நம்புவார். நூறாண்டுப் பயணத்தில் கம்பி கற்றுக்கொண்ட பாடம் அதுதான்: பக்கத்தில் போனால் மட்டும் போதாது, கேள்வி கேட்க வேண்டும்.

வாசகருக்கு இதில் இரண்டு செய்திகள். ஃப்ளட்டர் தீர்ந்தவர்களில் பலருக்குப் பின்னாளில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற, ரத்தம் உறையக்கூடிய இன்னொரு துடிப்புக் கோளாறு வரலாம். ஆகவே ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை, துடிப்பு சரியாகிவிட்டதே என்று தாமாக நிறுத்தக் கூடாது. இரண்டாவது, காரணமில்லாமல் நாடி 150-ஐ ஒட்டி ஆணி அடித்தாற்போல் நின்றால், அந்த நேரத்திலேயே போய் ஓர் ஈசிஜி எடுத்துவிடுங்கள். ஃப்ளட்டர் தானாக நின்றபின் எடுக்கும் ஈசிஜியில் ரம்பப் பல் இருக்காது. இத்தனை கதீட்டர்களும் எங்கே போய்த் தேட வேண்டும் என்று சொல்லும் முதல் துப்பு அந்தத் துண்டுத் தாள்தான். அதைக் கசக்கிப் போடாமல் பத்திரமாக வைத்திருங்கள்.